ஒரு வரி பேட்ச் எத்தனை பிராசசர்களைத் தொடுகிறது?

லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்சை அனுப்பத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு,

கல்லூரிப் படிப்பு முடியும் முன்பே உங்களில் பலர் கெர்னல் நிரலைத் திறந்து படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றுகிறீர்கள். மடிக்கணினியில் கம்பைல் செய்கிறீர்கள். பூட் ஆகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, நெட்வொர்க் வருகிறது. பேட்ச் புறப்பட்டுவிடுகிறது. இவ்வளவும் செய்வதே பாராட்டத்தக்கது. இதைக்கூடச் செய்யாமல் அனுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சோதனை எக்ஸ்86 பிராசசரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உங்கள் வரி போய்ச் சேரும் இடமோ மிக விரிந்தது.

கெர்னல் நிரலில் ‘ஆர்ச்’ என்ற அடைவுக்குள் போய்ப் பாருங்கள். ஆர்ம், ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ், பவர்பிசி, எஸ்390, மிப்ஸ், ஸ்பார்க், எம்68கே, லூங்ஆர்ச் என்று ஏறக்குறைய இருபது பெயர்கள் வரிசையாக நிற்கும். ஷெட்யூலர், கோப்பு முறைமை, நெட்வொர்க் போன்ற பொதுப் பகுதியில் நீங்கள் மாற்றும் ஒரு வரி இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கம்பைல் ஆகி, தனித்தனிக் கட்டளைகளாக இறங்குகிறது. பிராசசர் ஓட்டுவது அந்தக் கட்டளைகளைத்தான். நீங்கள் எழுதிய சி வரியை எந்தப் பிராசசரும் பார்ப்பதில்லை.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பேட்சை அனுப்பும் முன், உங்களிடம் இல்லாத சில பிராசசர்களுக்குக் கம்பைலர் என்ன எழுதித் தருகிறது என்பதை எடுத்துப் படியுங்கள். அதற்கு அந்த இயந்திரம் தேவையில்லை. பணமும் தேவையில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்க, 2022-இல் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட், கெர்னலில் உள்ள ‘கிளாம்ப்’ என்ற மேக்ரோவுக்கு ஒரு சரிபார்ப்பைச் சேர்த்துப் பார்த்தார். ஒரு மதிப்பைக் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் நிறுத்துவது அந்த மேக்ரோவின் வேலை. கீழ் எல்லை மேல் எல்லையைவிடப் பெரிதாக இருந்தால் கம்பைல் ஆகும்போதே பிழை காட்டவேண்டும் என்பது அவர் சேர்த்த சரிபார்ப்பு. எக்ஸ்86-இல் எல்லாம் சுமுகமாகக் கம்பைல் ஆனது. ஆர்மில் ஒரு வைஃபை டிரைவர் உடைந்தது.

ரேலிங்க் சிப்புகளுக்கான டிரைவர் அது. அலைபரப்பும் திறனுக்கு மைனஸ் 7 கீழ் எல்லை, 15 மேல் எல்லை. இரண்டையும் ‘சார்’ என்ற வகையில் வைத்து ஒப்பிட்டிருந்தார்கள். எக்ஸ்86-இல் வெறும் ‘சார்’ குறியுள்ளது, மைனஸ் 128 முதல் 127 வரை பிடிக்கும். ஆர்மில் அது குறியற்றது, 0 முதல் 255 வரை. ஆகவே அங்கே மைனஸ் 7 என்பது 249 ஆகிவிட்டது. கீழ் எல்லை 249, மேல் எல்லை 15. அந்த டிரைவரை எழுதியவர் சி மொழி தெரியாதவர் இல்லை. தன் மேசையில் இருந்த பிராசசரின் வழக்கத்தை மொழியின் விதி என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சி மொழி வளர்ந்த பிடிபி-11 கணினியில், ஒரு பைட்டை ரெஜிஸ்டருக்குள் ஏற்றினால் அதன் குறி தானாகவே மேல் பிட்டுகளுக்கு நீளும். அதனால் அங்கே ‘சார்’ குறியுள்ளதாக அமைந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளில் வேறு கதை. அங்கே பைட்டை ஏற்றும் கட்டளை குறியை நீட்டாது. அவர்கள் பயன்படுத்திய எப்சிடிக் குறியீட்டில் ஆங்கில எழுத்துகளே 127-க்கு மேலே உட்கார்ந்திருந்தன. தொடக்க கால ஆர்மில் குறியை நீட்டி பைட்டை ஏற்றும் கட்டளையே கிடையாது. நான்காம் பதிப்பில்தான் அது வந்தது. ஒவ்வொரு பிராசசருக்கும் எது விரைவோ அதையே அதன் கம்பைலர் தேர்ந்துகொள்ளட்டும் என்று சி மொழியின் தரம் விட்டுவிட்டது. அன்றைக்கு அது நியாயமான முடிவு. விளைவு, இன்றுவரை எக்ஸ்86, மிப்ஸ், ஸ்பார்க், எம்68கே ஒரு பக்கம். ஆர்ம், பவர்பிசி, எஸ்390, ரிஸ்க்-ஃபைவ் மறுபக்கம்.

டோனன்ஃபெல்ட் முன்வைத்த தீர்வு மேக்ஃபைலில் ஒரு ஃப்ளாக். எல்லாப் பிராசசரிலும் ‘சார்’ குறியற்றதாகவே இருக்கட்டும் என்று கம்பைலருக்கு ஓர் ஆணை. லினக்ஸ் 6.2-இல் அது சேர்ந்தது. அந்தப் பதிப்பு 2023 பிப்ரவரி 19 அன்று வெளியானது. இதைவிடச் சிறிய கெர்னல் மாற்றத்தைக் கற்பனை செய்வது கடினம்.

இப்போது அந்த மாற்றத்தை நீங்களே சரிபார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பைலர், ஒரே கான்ஃபிக். ஃப்ளாக் இல்லாமல் ஒரு முறை, ஃப்ளாகோடு ஒரு முறை. ஆர்ம்64-இல் ஒரு கட்டளைகூட மாறாது. ஏற்கெனவே அங்கே குறியற்றதுதான் இயல்பு. இந்தப் பக்கத்துப் பிராசசர்களுக்கு உங்கள் வேலை அத்தோடு முடிந்தது. வாதம் வேண்டாம், ஊகம் வேண்டாம். முன்னும் பின்னும் ஒரே கட்டளைகள் என்றால் அதைவிட வலுவான சான்று கிடையாது. எக்ஸ்86 பக்கம் வந்தால் வேறுபாடுகள் கொட்டும். குறியை நீட்டி ஏற்றும் கட்டளை இருந்த இடங்களில் சுழியத்தை நிரப்பி ஏற்றும் கட்டளை நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஏற்றிய பைட்டை ஓர் ஆங்கில எழுத்தோடு ஒப்பிடுகிறார்கள், அல்லது சரத்தின் முடிவுக்கு வந்தாயிற்றா என்று பார்க்கிறார்கள் என்றால் குறி எப்படி இருந்தாலும் விடை ஒன்றுதான். நீங்கள் தேடவேண்டியது மற்றவற்றை. முன்பு ஓர் ஒப்பீடும் தாவலும் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லையா? ‘சுழியத்தைவிடச் சிறிதா’ என்று நிரல் கேட்டிருக்கும். குறியற்ற எண் ஒருபோதும் சுழியத்தைவிடச் சிறிதாகாது என்பதால் கம்பைலர் அந்தக் கேள்வியையே நீக்கியிருக்கும். பிழை குடியிருப்பது அங்கேதான்.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கான யூனிகோடு குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். ‘அ’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால் 224, 174, 133. மூன்றுமே 127-க்கு மேல். குறியுள்ள ‘சார்’ இவற்றை மைனஸ் 32, மைனஸ் 82, மைனஸ் 123 என்று படிக்கும். ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புகளோடு மட்டும் சோதிக்கிறவருக்கு இந்தப் பிழை வாழ்நாள் முழுக்கக் கண்ணில் படாது, ஏனென்றால் ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்கிவிடுகின்றன. கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்தான் முதலில் அடிபடுவார்.

நடந்ததும் அப்படிப்பட்டதுதான். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, கோப்புகளோடு சேர்த்து வைக்கும் கூடுதல் பண்புகளின் பெயரிலிருந்து ஒரு ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு வட்டில் எழுதிவைக்கிறது. அந்தக் கணக்கு பெயரை வெறும் ‘சார்’ ஆகப் படித்து வந்தது. புதிய ஃப்ளாகோடு கம்பைலான கெர்னல் அதே பெயருக்கு எக்ஸ்86-இல் வேறு எண்ணைக் கணக்கிட்டது. வட்டில் ஏற்கெனவே கிடந்த எண்ணோடு அது பொருந்தவில்லை. ஆங்கிலமல்லாத பெயர்களை வைத்துச் சோதிக்கும் ஒரு சோதனைதான் இதைப் பிடித்தது. 2023 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸே இதற்குத் திருத்தம் எழுதினார்: குறியற்ற முறையில் கணக்கிட்டுப் பார், பொருந்தாவிட்டால் பழைய குறியுள்ள முறையிலும் ஒருமுறை கணக்கிட்டுப் பார், புதிதாக எழுதுவதை எல்லாம் குறியற்ற முறையிலேயே எழுது. இதே நோய் அடைவுகளின் அட்டவணையில் இன்னும் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது. ஒரு வகைப் பிராசசரில் எழுதிய வட்டைக் கழற்றி இன்னொரு வகையில் மாட்டினால், ஆங்கிலமல்லாத பெயர்களைத் தேடும்போது ஹேஷ் ஒத்துவராது. அதற்காகவே எந்த முறையில் ஹேஷ் கணக்கிடப்பட்டது என்பதைக் குறித்துவைக்க சூப்பர்பிளாக்கில் ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

அதே 6.2 காலத்தில் எம்68கே பக்கமும் ஒன்று வெளிப்பட்டது. இரண்டு சரங்களை ஒப்பிடும் செயற்கூறை அங்கே யாரோ பல ஆண்டுகளுக்கு முன் கையாலேயே அசெம்பிளியில் எழுதிவைத்திருந்தார்கள். அது இரண்டு பைட்டுகளின் வித்தியாசத்தை 8 பிட்டுக்குள்ளேயே கழித்து, வெறும் ‘சார்’ மாறியில் வைத்துத் திருப்பியது. தமிழ் ‘அ’வின் முதல் பைட் 224, ஆங்கிலப் பெரிய ‘ஏ’ 65. வித்தியாசம் 159. எட்டு பிட்டில் குறியோடு படித்தால் மைனஸ் 97, வரிசை தலைகீழ். இது முதலிலிருந்தே தவறு. புதிய ஃப்ளாக் வந்ததும் இன்னும் மோசமானது, ஏனென்றால் குறியற்ற ‘சார்’ மைனஸ் விடையைத் தரவே முடியாது. அந்த அசெம்பிளியைத் தூக்கிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான சி நிரலையே அங்கும் பயன்படுத்தினார்கள். மேக்ஃபைலில் சேர்ந்த ஒரு ஃப்ளாக், யாரும் தொடாத ஓர் அசெம்பிளித் துண்டின் பழைய பிழையை வெளியே இழுத்துப் போட்டது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘எக்ஸ்86-இல் கட்டளைகள் மாறவில்லை என்றால் பேட்ச் பாதுகாப்பானது’ என்று நீங்கள் முடிவுகட்டிவிடக்கூடாது. அந்த முடிவு ஆபத்தானது. அதற்குக் காரணம் நினைவக வரிசை.

ஒரு சிபியு முதலில் தரவை எழுதுகிறது, பிறகு ‘தயார்’ என்ற அடையாளத்தை எழுதுகிறது. இன்னொரு சிபியு அடையாளத்தைப் பார்த்துவிட்டுத் தரவைப் படிக்கிறது. இந்த இரண்டு எழுதுதல்களும் இதே வரிசையில் வெளியே தெரியவேண்டும் என்பதற்காக நடுவில் எழுதுதல் தடை ஒன்றைக் கெர்னலில் வைப்பார்கள். எக்ஸ்86 பிராசசர் சாதாரண எழுதுதல்களின் வரிசையைத் தானாகவே காப்பாற்றும். ஆகவே அங்கே அந்தத் தடை ஒரு கட்டளையாகக்கூட இறங்குவதில்லை. வரிகளை இடம் மாற்றாதே என்று கம்பைலருக்கு மட்டும் ஒரு சொல். இப்போது ஒருவர் ‘இது தேவையில்லை’ என்று அந்த வரியை நீக்குகிறார். எக்ஸ்86 வெளியீடு பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும். ஆர்ம்64 வெளியீட்டைத் திறந்தால் ‘டிஎம்பி’ என்ற கட்டளை ஒன்று காணாமல் போயிருக்கும். ரிஸ்க்-ஃபைவில் ‘ஃபென்ஸ்’ போயிருக்கும். பவர்பிசியிலும் அதன் தடைக்கட்டளை போயிருக்கும். எத்தனையோ கோடி போன்களில் ஓடப்போகும் கெர்னலிலிருந்து ஒரு காவலை எடுத்துவிட்டு, ‘ஒன்றும் மாறவில்லை’ என்று பேட்சின் விளக்கத்தில் எழுதுகிறோம். எழுதியவருக்குத் தான் பொய் சொல்வது தெரியாது.

கியூஇஎம்யூவில் ஆர்ம் கெர்னலை ஓட்டிப் பார்த்தேனே என்று சிலர் கேட்பீர்கள். எமுலேட்டர் நல்ல கருவிதான். பூட் ஆகிறதா, டிரைவர் ஏறுகிறதா என்று பார்க்க அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அது ஆர்ம் கட்டளைகளை உங்கள் மடிக்கணினியின் எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றித்தான் ஓட்டுகிறது. எழுதுதல்களின் வரிசையை அங்கேயும் எக்ஸ்86 பிராசசரே காப்பாற்றிவிடும். மேலே சொன்ன பிழையை இரவெல்லாம் ஓட்டினாலும் அங்கே காணமுடியாது. இந்த ஒரு விஷயத்தில், கம்பைலர் எழுதியதைக் கண்ணால் படிப்பதுதான் கையில் உள்ள வழி.

எண்ணின் அகலத்திலும் இதே கதை. நெட்வொர்க் கவுன்ட்டர் ஒன்றை ‘அன்சைன்ட் லாங்’ வகையிலிருந்து 64 பிட் வகைக்கு மாற்றுகிறீர்கள். 64 பிட் எக்ஸ்86-இல் இரண்டும் ஒன்றே. ஒரு கட்டளையும் மாறாது. 32 பிட் மிப்ஸ் பிராசசரில் ஓடும் ரவுட்டரில் ஒரு கூட்டல் பல கட்டளைகளாக விரியும். இரண்டு பாதிகளையும் தனித்தனியே ஏற்றவேண்டும், தனித்தனியே கூட்டவேண்டும், தனித்தனியே எழுதவேண்டும். மிப்ஸில் கேரி பிட் கிடையாது என்பதால் மிகுதி வந்ததா என்று அறிய ஓர் ஒப்பீட்டுக் கட்டளையும் நடுவில் வரும். இரண்டு பாதிகளை எழுதுவதற்கு இடையில் வேறொருவர் அந்த எண்ணைப் படித்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓர் எண் கிடைக்கும். கவுன்ட்டர் 4,29,49,67,296-ஐத் தாண்டும் அந்தக் கணத்தில் இது நடந்தால் வரும் எண் யாருக்கும் விளங்காது. இதற்கென்றே கெர்னலில் தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது தேவை என்று தெரிய, 32 பிட் வெளியீட்டை ஒருமுறையாவது பார்த்திருக்கவேண்டும். வகுத்தல் இன்னும் நேரடியானது. 32 பிட் பிராசசரில் 64 பிட் எண்ணைச் சாதாரண வகுத்தல் குறியால் வகுத்தால், கம்பைலர் தன் நூலகத்திலுள்ள செயற்கூறு ஒன்றை அழைக்கும். கெர்னல் அந்த நூலகத்தை இணைப்பதில்லை, எனவே லிங்க் ஆகும்போதே உடைந்துவிடும். உடைந்து நிற்பது நல்லது. சத்தமில்லாமல் தவறாக ஓடுவதுதான் கெட்டது.

பிராசசர் வேறுபாட்டைத் தாண்டி, கம்பைலரையே நம்பிவிடக்கூடாது என்பதற்கு 2009-இல் நடந்ததைச் சொல்கிறேன். ‘டன்’ என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு சுட்டி சுழியமா என்று பார்க்கும் வரி இருந்தது. அதற்கு முன்பே அந்தச் சுட்டி காட்டும் இடத்திலிருந்து ஒன்றைப் படித்துவிட்டார்கள். ஜிசிசி இப்படி நினைத்தது: ஏற்கெனவே படித்தாயிற்று, ஆகவே சுட்டி சுழியமாக இருக்கமுடியாது, ஆகவே அந்தச் சோதனை வீண். சோதனையை நீக்கிவிட்டது. மொழியின் விதிப்படி அது செய்தது சரி. ஆனால் சுழிய முகவரியில் தன் நினைவகத்தைப் பொருத்திவைத்த ஒருவர் கெர்னலின் முழு அதிகாரத்தையும் பிடிக்க முடிந்தது. சி நிரலைப் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சோதனை கண்முன்னே தெரிந்தது; ஓடிய கெர்னலில் அது இல்லை. அதன் பிறகுதான், இப்படிப்பட்ட சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃப்ளாக் ஒன்று கெர்னலின் மேக்ஃபைலில் நிரந்தரமாக இடம்பிடித்தது.

சரி, எப்படிச் செய்வது? முழுக் கெர்னலையும் இருபது முறை கட்டவேண்டியதில்லை. கெர்னலின் மேக் ஏற்பாடு ஒரே ஒரு ஆப்ஜெக்ட் கோப்பை மட்டும் கட்டித் தரும். அசெம்பிளிக் கோப்பையும் தரும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் பிற பிராசசர்களுக்கான ஜிசிசி தயாராகவே கிடைக்கிறது. கெர்னல் திட்டமும் கட்டிவைத்த கிராஸ் கம்பைலர்களைத் தருகிறது. கிளாங் இருந்தால் இன்னும் எளிது, ஒரே நிறுவலில் பல பிராசசர்களுக்கு எழுதிவிடும். இரண்டையும் வைத்துப் பாருங்கள். ஒன்று விட்டுவைத்ததை மற்றது மாற்றும்.

முன்னும் பின்னும் கட்டியதை அப்படியே ஒப்பிட்டால் பயனற்ற வேறுபாடுகள் குவியும், அதில் மனம் சலித்துப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சலிப்புக்கு இடமே வேண்டாம். நீங்கள் மேலே ஒரு வரி சேர்த்தாலே கீழே உள்ள எச்சரிக்கைகள் சுமந்திருக்கும் வரி எண்கள் எல்லாம் ஒன்று கூடும். டீபக் தகவல் முழுக்க நகரும். முகவரிகள் தள்ளிப்போகும். ஆகவே டீபக் தகவலை நிறுத்திவிடுங்கள். ஆப்ஜ்டம்ப்பால் கட்டளைகளை மட்டும் எடுங்கள். முகவரிகள் உள்ள நெடுவரிசையை அழித்துவிட்டு ஒப்பிடுங்கள். இதையே செய்துதரும் ‘ஆப்ஜ்டிஃப்’ என்ற சிறு ஸ்கிரிப்ட் கெர்னல் நிரலோடே வருகிறது, இன்னும் நிறையப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘ப்ளோட்-ஓ-மீட்டர்’ எந்தச் செயற்கூறு எத்தனை பைட் கூடியது, குறைந்தது என்று சொல்லும். நான் முதலில் அதைத்தான் ஓட்டச் சொல்வேன். நீங்கள் தொடாத செயற்கூறு ஒன்றின் அளவு மாறியிருந்தால் அங்கே நின்று காரணம் தேடுங்கள். பெரும்பாலும் இன்லைன் முடிவு மாறியிருக்கும். வெறும் ரெஜிஸ்டர் பெயர் மாற்றமாகவும் இருக்கலாம். அந்தக் காரணம் உங்கள் வாயிலிருந்து வரும்வரை அடுத்த கோப்புக்குப் போகவேண்டாம்.

கான்ஃபிக்கையும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் மாற்றிய வரி உங்கள் கான்ஃபிக்கில் கம்பைலே ஆகாமல் போயிருக்கலாம். ஒரே சிபியு கொண்ட கான்ஃபிக்கில் பூட்டுகளில் பல மறைந்துவிடும். ‘ஒன்றும் மாறவில்லை’ என்று எழுதும் முன், அந்த வரி உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று பாருங்கள்.

எல்லாப் பிராசசரையும் எல்லோரும் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எக்ஸ்86-ஐத் தவிர மூன்றைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். ஆர்ம்64 முதலாவது, நினைவக வரிசைக்காக. உலகத்தின் போன்கள் அதில்தான் ஓடுகின்றன. 32 பிட் ஆர்ம் அல்லது மிப்ஸ் அடுத்தது, எண் அகலத்துக்காக. மூன்றாவதாக எஸ்390. இதைச் சொன்னதும் பலர் முகம் சுளிப்பார்கள், பெருங்கணினியை யார் பார்த்தது என்று. எனக்கு அது மிக விருப்பமான தேர்வு. பைட்டுகளைப் பெரிய முனையிலிருந்து அடுக்கும் 64 பிட் பிராசசர் அது. வெறும் ‘சார்’ அங்கே இயல்பிலேயே குறியற்றது. உங்கள் மடிக்கணினி சொல்லிக்கொடுத்த பழக்கங்களுக்கு நேர் எதிரானவை பல அந்த ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வங்கிகளின் கணக்குகள் அந்த இயந்திரங்களில் ஓடுகின்றன என்பதையும் மனதில் வையுங்கள். நேரமிருந்தால் எம்68கே. 32 பிட் எண்ணை அது 2 பைட் எல்லையிலேயே வைத்துவிடும். ஒரு 16 பிட் எண்ணும் அடுத்து ஒரு 32 பிட் எண்ணும் கொண்ட ஸ்ட்ரக்ட் எக்ஸ்86-இல் 8 பைட், அங்கே 6 பைட். வட்டிலோ நெட்வொர்க்கிலோ போகும் ஸ்ட்ரக்டைத் தொடுகிறீர்கள் என்றால் இந்த ஒன்றே உங்களைக் காப்பாற்றும்.

இன்டெல் நடத்தும் சோதனை ரோபோ நாம் அனுப்பும் பேட்சுகளை எடுத்துப் பல பிராசசர்களுக்குக் கட்டிப் பார்த்து, உடைந்தால் எழுதிவிடும். அதற்கு நாம் எல்லோரும் நன்றி சொல்லவேண்டும். ஆனால் கம்பைல் ஆனாலே போதும் என்று அந்த ரோபோவிடம் பொறுப்பை விடாதீர்கள். காணாமல் போன தடைக்கட்டளை கம்பைல் பிழையைத் தராது. நீக்கப்பட்ட சுழியச் சோதனை எச்சரிக்கை தராது. எந்த மாற்றம் எதற்காக என்பது அந்த வரியை எழுதிய உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆகவே வெளியீட்டில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்று சொல்லத் தகுதியுள்ளவரும் நீங்கள்தான். பராமரிப்பாளர்கள் நாளெல்லாம் பேட்சுகளைப் படிக்கிறார்கள். நீங்கள் பார்க்காமல் விட்டதை அவர்கள் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்களுக்கு அசெம்பிளி தெரியாது என்ற தயக்கம் வேண்டாம். எல்லாப் பிராசசரின் எல்லாக் கட்டளைகளும் யாருக்கும் தெரியாது. தேவைப்படுவது கொஞ்சம்தான்: ஏற்றுவது, எழுதுவது, ஒப்பிடுவது, தாவுவது, தடுப்பது. ஆர்ம்64-இல் பைட்டை ஏற்றுவது ‘எல்டிஆர்பி’, குறியோடு ஏற்றுவது ‘எல்டிஆர்எஸ்பி’. ரிஸ்க்-ஃபைவில் ‘எல்பியு’வும் ‘எல்பி’யும். இரண்டு வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரியை மட்டும் பிராசசரின் கையேட்டில் தேடிப் படித்தால் சில வாரங்களில் கண் பழகிவிடும். கண் பழகியவர்களுக்கு இது சுமையாகத் தெரியாது. சி மொழியையே அதன் பிறகுதான் ஒழுங்காகப் புரிந்துகொள்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பார்த்ததை எழுதுங்கள். பேட்சின் விளக்கத்தில் இரண்டு மூன்று வரி போதும்: எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பிராசசர், எந்தக் கான்ஃபிக், எங்கே கட்டளைகள் மாறவில்லை, எங்கே மாறின, மாறியது ஏன். பார்க்காத பிராசசரைப் பார்த்ததாக எழுதாதீர்கள். ‘பவர்பிசியில் பார்க்கவில்லை’ என்று வெளிப்படையாக எழுதினால் அந்த இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் பார்த்துச் சொல்வார். பல ஆண்டுகள் கழித்து அந்த வரியில் கை வைக்கப்போகும் இன்னொருவருக்கு நீங்கள் எழுதிய அந்த மூன்று வரிதான் சாட்சி. அடுத்த பேட்சிலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்